அமரர் ஊர்தியில் மலையேறியவர்கள்

மலையடிவாரம்
மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் இவரும் சுகம். நீங்களும் அண்ணியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சர்க்கரை அளவை அண்ணியே ஒரு வரி எழுதட்டும். உங்களைக் கேட்டால் உண்மை வராது.

நாங்கள் கிளம்பிய காலையில் உங்கள் மாடி ஜன்னலில் திரைச்சீலை ஒதுங்கியது. கையசைத்தேன். திரை மூடிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் தங்கை கல்யாணம் செய்துகொண்டு கணவனோடு ஊர் சுற்றக் கிளம்பியதைக் கண்டும் காணாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. கிளம்ப எனக்கும் உரிமை உண்டு.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் கேட்டீர்கள்: "போயும் போயும் ஒரு பிணவண்டி டிரைவரா கெடைச்சான் உனக்கு?" ஆமாம், அவர்தான் கிடைத்தார். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் அமரர் ஊர்தி ஓட்டியவர். ஆஸ்பத்திரி, இழவு வீடு, சுடுகாடு. ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. ஓய்வு பெற்றபோது அந்தப் பழைய வண்டியும் ஏலத்துக்கு வந்தது. அவரே எடுத்துக்கொண்டார். குளிர்பெட்டியைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டோம், நான் திரை தைத்தேன்.

நான் மட்டும் என்ன உலகம் சுற்றியவளா? பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு. பாறைக்கோயில், குகை மடம், கணவாய் தேவாலயம் என்று மலைச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதத்தை வருடா வருடம் அடித்துக் கொடுத்தேன். பஸ்ஸில் தட்டச்சுக்காரிக்கு ஒரு வருடமும் இடம் இருந்ததில்லை. இப்போது இடம் இருக்கிறது, டிரைவருக்குப் பக்கத்திலேயே.

போனில் நீங்கள் பேசப்போவதில்லை என்று தெரியும். கீழே எழுதியிருக்கும் ஊர்களின் அஞ்சலக முகவரிக்கு எழுதுங்கள். போய்க் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

உங்கள் தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? மலையில் குளிர் அதிகம், கம்பளி எடுத்துப் போனாயா? வண்டியின் கிளட்ச் நிலைமை என்ன?

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பல் டாக்டர். ஜூலை 9. அவள் நடை பழகியதே உன் விரலைப் பிடித்துத்தான், அதனால் நீ இல்லாமல் நடக்காது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ மட்டும் வா. சம்பந்தி வீட்டில் கௌரவம் பார்க்கிறவர்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் யார் யார் நிற்கலாம் என்று அவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

நீ எழுதியிருக்கும் ஊர் வரிசை தப்பு. பாறைக்கோயிலுக்கு வடக்குச் சாலையில் போகாதே. அங்கே பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்து நான்கு வருடமாகிறது. கிழக்குச் சாலை பதினொரு கிலோமீட்டர் சுற்று, ஆனால் சரிவு குறைவு. நான் போட்ட சாலை. நம்பிப் போகலாம்.

அண்ணன்


மார்ச் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். முழங்கால் சுகம். கம்பளி இருக்கிறது. கிளட்ச்சும் நலமே.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் முழங்காலை விசாரித்திருக்கிறீர்கள், கிளட்ச்சை விசாரித்திருக்கிறீர்கள். கிளட்ச்சை மிதிக்கிறவரை விசாரிக்க மனம் வரவில்லை. போகட்டும், அவர் தன் பாட்டுக்கு நலமாகத்தான் இருக்கிறார்.

பாப்பா கல்யாணச் செய்தி படித்ததும் தபால் நிலைய வாசலிலேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். அடுத்த வரியைப் படித்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வந்தால் இருவரும் வருவோம், இல்லையென்றால் இருவரும் வரமாட்டோம். இதில் பேரம் பேச வேண்டாம்.

கிழக்குச் சாலையில்தான் போனோம். அருமையான சாலை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாறைக்கோயில் ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. தூணில் உளி பட்ட தடம்கூட அப்படியே இருக்கிறது. நான் உள்ளே போய் வாய் பிளந்து நின்றேன், இவர் வரவில்லை. "வண்டிய விட்டுட்டு நான் எங்கயும் போறதில்ல. நீ போய்ப் பாத்துட்டு வா" என்று பானெட்டில் சாய்ந்துகொண்டார். கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. முப்பத்தொரு வருடமாக வாசலிலேயே நின்றவர். எந்த வீட்டிலும் அவரை உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்ததும் வண்டியைச் சீக்கிரம் எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கோயிலும் அப்படித்தான் என்று நினைக்கிறார்.

நானும் விடப்போவதில்லை. மலை முடிவதற்குள் இவரை ஒரு வாசலாவது தாண்ட வைப்பேன்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைக்கு,

நலம். அண்ணிக்கு இருமல், இப்போது தேவலை.

பிடிவாதம் பிடிக்காதே. ஒரே ஒரு நாள். அவர் பக்கத்தில் ஏதாவது லாட்ஜில் தங்கிக்கொள்ளட்டும், அறைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். மாப்பிள்ளையின் பெரியப்பா நேரிலேயே கேட்டுவிட்டார்: "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் என்ன வேலைங்க?" நான் வாகனத் துறை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குகை மடத்துக்குப் போகும் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பின் டயர்கள் தேய்ந்திருந்தால் கீழேயே மாற்றிவிடு. வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றக் கூடாது, முன்பே மாற்ற வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இதைச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அண்ணிக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள். நீங்கள் வைத்துக் கொடுங்கள் என்கிறேன், அவரே வைத்துக் குடிக்க அல்ல.

லாட்ஜ் அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இவர் ஓட்டியது "வாகனத் துறை" அல்ல, அமரர் ஊர்தி. பெரியப்பாவுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். அவரும் ஒருநாள் ஏறப்போகிற வண்டிதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்தால் பாப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இவர் முப்பதுக்கு மேல் ஓட்டமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் படுத்திருப்பவர் குலுங்கக் கூடாது என்று பழகிய கால். ஹாரன் அடிப்பதில்லை. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்டுவார். அந்தப் பழக்கத்தோடு உங்கள் பதினான்கு வளைவுகளில் ஏறினோம். மூன்றாவது வளைவில் பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வந்தது. முந்தவில்லை. அப்புறம் ஆறு கார், ஒரு பால் வண்டி, ஏழெட்டு மோட்டார் சைக்கிள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. "மலைக்காரங்க ரொம்பப் பொறுமைசாலிங்க" என்றார் இவர். எதிரே வந்த லாரிக்காரர் ஓரங்கட்டி நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். "உங்களுக்கு இங்க தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லையே" என்றார்.

பத்தாவது வளைவில் மேலே மடத்து மணி அடிக்க ஆரம்பித்தது. இறந்தவர் மலையேறி வந்தால் அடிப்பார்களாம், வாசலுக்கு வந்து சேரும்வரை நிறுத்தமாட்டார்களாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? மேலே போனால் துறவிகள் இரண்டு வரிசையாகத் தலை குனிந்து நிற்கிறார்கள். பெரிய கதவு விரியத் திறந்திருக்கிறது. எங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் இறங்கிக் கைகட்டி நிற்கிறார்கள். மூத்தவர் ஒருவர் வந்து பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டவ், இரண்டு தலையணை, கொடியில் காயும் என் துணிமணி.

வண்டியின் பக்கவாட்டில் நாங்கள் அடித்த பெயின்ட் வெளுத்து அடியில் "அமரர் ஊர்தி" பளிச்சென்று தெரிந்திருக்கிறது. ஏழு நாள் மழையில் நனைந்த வண்டி. நாங்கள் கவனிக்கவே இல்லை.

நான் சிவப்புச் சால்வையோடு முன்சீட்டிலிருந்து இறங்கினேன். "தவறினது யாருங்க?" என்று கேட்டார் துறவி. "யாரும் தவறலைங்க. நாங்க ரெண்டு பேரும் உயிரோடதான் வந்திருக்கோம்" என்றேன். பஸ்ஸில் வந்த ஒரு அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "யாருன்னே தெரியாம எட்டு கிலோமீட்டர் அழுதுட்டு வந்தேன்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்புறம் அவரே சிரிக்க ஆரம்பித்து எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், முகம் செத்துப்போயிருந்தது.

மூத்தவர் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். "மணி அடிச்சாச்சு. யாராவது உள்ள வந்துதான் ஆகணும். வாங்க" என்றார். இவர் என்னைப் பார்த்தார்.  இறங்கினார், செருப்பைக் கழற்றினார், தாண்டினார். உள்ளே ஆயிரம் வருடத்துச் சுவர்ச் சித்திரம், சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "உள்ள இவ்வளவு இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை


மே 1

தங்கைக்கு,

நலம். நீ சிரிக்கச் சொன்ன விஷயத்தில் இங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சுற்றுலா பஸ்ஸில் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார். படம் பிடித்து அனுப்பிவிட்டார். உன் சால்வையும் அந்த எழுத்தும் ஒரே படத்தில் இருக்கின்றன. பெரியப்பா அதை என் முன்னால் நீட்டினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகவே கடைசியாக எழுதுகிறேன். தனியாக வருவதானால் வா. இல்லாவிட்டால் வர வேண்டாம். உன் முடிவை எழுது.

அந்தப் பதினான்கு வளைவுகளைக் கேலி செய்யாதே. இரண்டு மழைக்காலம் கூடாரத்தில் கிடந்து போட்ட சாலை. அம்மா போனபோது நான் அங்கேதான் இருந்தேன், பன்னிரண்டாவது வளைவில். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அண்ணன்


மே 14

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. எல்லாரும் நன்றாக இருங்கள்.

முடிவு கேட்டீர்கள். வரவில்லை. பாப்பாவுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

அம்மா பேச்சை நீங்கள் எடுத்ததால் நானும் எடுக்கிறேன். நேற்று முன்விளக்கு பல்பு தேடி டாஷ்போர்டு பெட்டியைத் துழாவினேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பழைய மெமோ ஒன்று கையில் அகப்பட்டது. தேதி, அம்மா போன வாரம். "வண்டி பழுது என்று பொய்க் குறிப்பு எழுதி, வாகனத்தை ஒரு முழு நாள் ஒரே வீட்டு வாசலில் நிறுத்தி வைத்ததற்காக மூன்று வருடம் பதவி உயர்வு நிறுத்தம்." இவர் அதைப் பறிக்கப் பார்த்தார். "பழசெல்லாம் எதுக்கு? உங்க அண்ணன்கிட்ட சொல்லாத" என்றார். சொல்கிறேன்.

அன்று நிலச்சரிவில் உங்கள் சாலை துண்டாகிக் கிடந்தது. நடந்தாவது வருகிறேன் என்று தகவல் அனுப்பினீர்கள். மறுநாள் சாயங்காலத்துக்கு முன்னால் வர முடியாது. வண்டிக்குக் கொடுத்த நேரம் அன்று மாலை நான்கு மணி. சொந்தக்காரர்கள் எல்லாரும் முடித்துவிடலாம் என்றார்கள். நான் மட்டும் அண்ணன் வரணும், அண்ணன் வரணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். "வண்டி கெளம்பலைங்க. ஆள் வந்து பாக்கணும்" என்றார். அம்மா குளிர்பெட்டியில் இருந்தாள். அது மட்டும் நன்றாக ஓடியது. இரவும் பகலும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

முழங்கால்வரை சேற்றோடு வந்தீர்கள். அம்மா முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் போய்க் கத்தினீர்கள்: "வண்டிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா? பொணத்தோட விளையாடுறியா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "பழுதுதாங்க. தானா சரியாயிடுச்சு" என்றார்.

அந்தப் பொய்யைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன், அண்ணா. எந்த நல்ல காரியத்திலும் நிற்கத் தகுதியில்லாதவர் என்று நீங்கள் சொல்வது இவரைத்தான்.

தங்கை


கணவாய்
ஜூன் 10

அண்ணனுக்கு,

இருவரும் சுகம். நான்கு வாரமாகிறது, மூன்று அஞ்சலகத்தில் கேட்டுவிட்டேன். இந்த ஊர் அஞ்சலக ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறார்.

கோபத்தில் எழுதினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆமாம், கோபத்தில்தான். ஆனால் ஒரு வரியையும் அடிக்கமாட்டேன். நீங்கள் புண்பட்டிருந்தால் எனக்கு வருத்தம், மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன்.

கணவாய் தேவாலயம் சின்னது, கருங்கல். கதவு என் தோள் உயரம்தான், குனிந்துதான் போக வேண்டும். இவர் எனக்கு முன்னால் குனிந்து போய்விட்டார்.

தங்கை


ஜூன் 18

அத்தைக்கு,

நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அப்பா நல்லா இருக்கிறாரா என்று தெரியவில்லை. மாமா எப்படி இருக்கிறார்?

பாட்டி விஷயம் எழுதிய உங்கள் கடிதத்தை அப்பா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே படித்தார். பிறகு தெருவில் இறங்கி, அன்றைக்கு வண்டி நின்ற இடத்தில் போய் நின்றார்.  ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டார்: "அன்னைக்கு வண்டி ஒரே தடவையில கெளம்புச்சா?"

"ஆமா."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

போன ஞாயிறு மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். அத்தை விஷயம் என்ன முடிவு என்றார். அப்பா வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன்: "அத்தையும் மாமாவும் வராத கல்யாணத்துக்கு நானும் வரல. மண்டபத்துக்கு அந்த வண்டியிலதான் போவேன்." பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டார். "நல்ல காரியத்துக்கு அந்த வண்டியா?"

அப்பா சொன்னார்: "எந்த ரோட்டுல எந்த வண்டி போகலாம்னு முப்பத்தஞ்சு வருஷமா நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இதுக்கும் போடுறேன்."

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு என்று. "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் பயந்து நடுங்கித்தான் நாற்காலியில ஏறுறாங்க. எனக்கு இது பழக்கம்தான்" என்றார். இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் முழுசாகத் தோன்றியது.

உங்கள் பாப்பா


ஜூன் 20

தங்கைக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா?

கணவாயிலிருந்து வீடு தொள்ளாயிரம் கிலோமீட்டர். மணிக்கு முப்பது, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டால் ஆறு நாள். மழைக்கு ஒரு நாள் கூட்டிக்கொள். ஜூலை 1 காலையில் கிளம்ப வேண்டும். தங்கும் ஊர்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நான்காம் நாள் சாலையில் வேலை நடக்கிறது. என் பழைய ஆட்கள்தான், அவர்களுக்குச் சொல்லிவிட்டேன், வழி விடுவார்கள்.

அன்று அவரிடம் நான் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. அதைக் கடிதத்தில் சரிசெய்ய முடியாது. நேரில் பேசிக்கொள்கிறேன்.

பெரியப்பா வருவாரோ மாட்டாரோ தெரியாது. வராவிட்டால் ஒரு நாற்காலி மிச்சம்.

வீட்டிலிருந்து மண்டபம் நான்கு கிலோமீட்டர். பெண்ணை அழைத்துப் போகிற வண்டி என்று மாப்பிள்ளை அவசரப்பட வேண்டாம், அவர் வழக்கம்போலவே ஓட்டட்டும். அவளை அனுப்பி வைக்க எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

அண்ணன்


ஜூன் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை நலம். குளிர் ஒத்துக்கொள்கிறது. முதல் வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டார். இரண்டு மணி நேரமாகக் கழுவுகிறார்.

ஜூலை 1 காலை கிளம்புகிறோம். நீங்கள் போட்ட வரிசையிலேயே வருவோம், ஒரே ஒரு இடம் தவிர. மூன்றாம் நாள் ஏரிக்கரையில் ஒரு பழைய சமாதி இருக்கிறதாம். உங்கள் தாளில் இல்லை. அதை விட்டுவிட்டு வர முடியாது என்று இவரே சொல்கிறார். அதனால் எட்டாம் தேதி சாயங்காலம்தான் வந்து சேருவோம். கவலைப்படாதீர்கள், ஒருவருக்காகவும் வேகத்தைக் கூட்டப்போவதில்லை.

வாளியோடு நின்றுகொண்டு இவர் ஒரு விஷயம் சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் இவர் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர்கூடத் தானாக இறங்கியதில்லையாம், நாலு பேர் தூக்கித்தான் இறக்குவார்களாம். அதனால் மண்டப வாசலில் யாரும் ஓடிவந்து பாப்பாவைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டாம். கதவைக்கூடத் திறக்க வேண்டாம். அவளே திறந்து, அவளே இறங்கி, நடந்து உள்ளே போகட்டும். அதைப் பார்க்க சம்பந்தி வீட்டார் எல்லாரையும் முன்வரிசையில் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் தங்கை